நீங்கள் உட்காராத நாற்காலி

மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெண்கள் ஆள வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் வலைப்பூவில் எழுதுவதை எல்லாம் திருத்தணி பிரவுசிங் சென்டரில் படித்துவிடுவேன். பாராட்டாத ஆளில்லை. எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். ஊராட்சித் தலைவராக ஜெயித்தது நான். ஊர்க்காரர்கள் தலைவர் என்று சொன்னது என் புருஷனான உங்களைத்தானே!

காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு நீங்கள் ஊருக்கு வந்ததும் கிளார்க் கோதண்டம் என் நாற்காலியைத் துடைத்து, "நீங்க குந்துங்க சார், அம்மா கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். பக்கத்து ஊர்களில் தலைவரம்மாக்களின் வீட்டுக்காரர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நீங்கள் போய் ஜனங்களோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்து நின்று, "தலைவரம்மா, எங்க தெரு கால்வாயை எப்பங்க தூர் வாருவீங்க?" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் கௌரியம்மாள் தொடங்கி எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். கோதண்டம்கூட.

கால்வாய் தூர் வாரியாகிவிட்டது. குடியரசு தினத்துக்கும் கிராம சபை உண்டு, வாருங்கள்.

நீங்கள் சென்னைக்குத் திரும்பிய பிறகு, நாற்காலிக் கதையை எழுதியிருப்பீர்கள் என்று அந்த வாரமெல்லாம் பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன். ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், மாமா.

உங்கள் தெருவுக்கும் சேர்த்து,
தலைவரம்மா