பட்டாளத்து லாரிக்கு மேலே நாலு விரல் இடைவெளி

என் பிரியமுள்ள பாவா,

கொடிமரம் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஏலத்தில் எடுத்துவந்த அதே பட்டாளத்து லாரிதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சாவகாசமாகக் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு லாரி என் மரக்கடைக்குப் பின்னால் சும்மா நின்றது. அரக்கோணத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து டயரை ஓர் உதை உதைத்தார். "இன்னாத்துக்கு இத வெச்சிகினு கீறீங்க? எடைக்குப் போடுங்க, நானே அறுத்துகினு போறேன்" என்றார். உங்கள் சரளா, என் அக்கா, அவளும் தலையாட்டிவிட்டாள். ஞாபகத்தை வைத்து அடுப்பு எரியுமா, சொல்லுங்கள்?

எனக்கோ உங்கள் பேச்சு காதிலேயே நின்றது. "பட்டாளத்துல ரிட்டயர் ஆனவன் வாட்ச்மேன் வேலைக்குப் போறான்ல மச்சான், இதுக்கும் ஒரு வேல கெடைக்கும்!" என்பீர்களே. "ஒரே ஒரு லோடு அக்கா. அது சரியா போவலன்னா நானே நின்னு அறுக்கச் சொல்றேன்" என்று அவளிடம் தவணை வாங்கினேன்.

லோடு என்ன தெரியுமா? பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கொடிமரம். ஒரே துண்டுத் தேக்கு. ஏரிக்கரை வளைவில் நீளமான டிரெய்லர் திரும்பாது. மரத்தைப் பின்னால் நீட்டிவிட்டாலோ திரும்பும்போது வீட்டுச் சுவர்களை இடிக்கும். முன்பாதி டிரைவர் கேபினுக்கு மேலே போனால்தான் வழி. கேபின் கூரை வெறும் தகரம். ஊர்க்காரர்கள் வேறு, "பூஜ போட்ட மரம்ங்க, கோயில் வாசல் வரைக்கும் தரையில படக்கூடாது" என்றுவிட்டார்கள். கேபின் நடுவழியில் அமுங்கினால் மரத்தை எங்கே இறக்குவது?

பட்டறையில் கூரைமேலேயே குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டம் பற்றவைத்தோம். பார்க்கக் கோட்டை மாதிரி இருந்தது. சோதனைக்கு அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கியதும் கதவு இறுகிக்கொண்டது. உள்ளே நம் டிரைவர் முனுசாமி.

"அண்ணே, கதவு தொறக்கலண்ணே!"

"ஜன்னல் வழியா வாடா."

"தொப்ப வர்லண்ணே!"

தெருவே சிரித்தது. நீங்கள் இருந்திருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பீர்கள். சத்தம் கேட்டு வந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்டா, நம்ம ஷீட்டு வூட்டுக்கு உங்க பாவா தண்ணி டாங்கி வெச்சாரே, ஷீட்டு மேலயா வெச்சாரு?"

சுவருக்கு வெளியே நாலு இரும்புக் கால் நட்டு, கூரையைத் தொடாமல் அல்லவா வைத்தீர்கள்!

எல்லாவற்றையும் அறுத்தெடுத்தோம். கேபினுக்கு முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால். நான்கும் நேராக லாரியின் அடிச்சட்டத்தில் இறங்கின. மேல்சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மரம் படுக்கும் இடத்தில் பழைய டயர்த் துண்டு. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அனுமதியும் வாங்கினேன். வழியில் எவனும் கை காட்டி நிறுத்திப் பேரம் பேசக் கூடாது பாருங்கள்.

புறப்படும்போது அக்கா கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்றேன். "நீ கட்டனதுதான? அப்புறம் இன்னா பயம்?" என்றாள். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மரம். பயமாகத்தான் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

ஏரிக்கரை வளைவில் முன்சக்கரம் குழியில் இறங்கியது. மேலே மரம் முனகியது. முனுசாமி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றினான். மேடேறியதும் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள்.

"நாலு விரலும் அப்டியே கீதுடா!"

அப்போது அவள் சிரித்தாள் பாவா. நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவேயில்லை.

கோயில் வாசலில் மேளம், அரோகரா சத்தம். லாரியிலிருந்து மரம் நேராக ஊர் ஆண்கள் தோளுக்குப் போனது. தரையில் படவில்லை.

மறுநாளே அந்த அரக்கோணத்துக்காரர் வந்து நின்றார். ஆர்.கே.பேட்டையில் புதிதாகப் போடும் தறி ஷெட்டுக்கு நீள இரும்பு உத்தரங்கள் போக வேண்டுமாம். "வண்டி வாடகைக்கு வருமாங்க?" நான் வாயைத் திறக்குமுன் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.

வண்டியை எந்தக் காலத்திலும் எடைக்குப் போட மாட்டோம். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவரோடு முடிந்த பேச்சு இது: டீசல் அவருடையது. வாடகையில் பாதி ஏற்றும்போது, மீதி இறக்குவதற்கு முன்னால். முனுசாமிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. கடைசி நிபந்தனை அக்கா போட்டது: "நீங்க ஒதச்ச டயரு கீதே, அதுக்கு உங்க கையாலயே எலுமிச்சம்பழம் வெச்சி கற்பூரம் காட்டணும்."

"ஆங்" என்று ஒத்துக்கொண்டார்.

சரளாவின் தம்பி,
உங்கள் மச்சான்
ஏகாம்பரம்
திருத்தணி