ஷூ பெட்டியில் ஆயிரம் சான்றிதழ்

ஆவணி 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை, கரும்புக்குத் தண்ணீர் இல்லை. காட்டேரிக்குப்பம் சமஸ்தானத்து ராஜவைத்தியர், அதாவது அடியேன், வழக்கம்போல் அக்கா வீட்டில் ஆஜர்.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக: மகாராணி யாழினி, வயது ஒன்பது, அக்கா மகள். மூன்று வருடம் முன்பு அவளுக்கு வேறொரு குழந்தையின் இதயத்தை வைத்தார்கள். அன்று முதல் தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாங்குகிறேன்: 'நெஞ்சு வலி இல்லை.' கீழே கையெழுத்து. ஷூ பெட்டி இரண்டு நிரம்பி, இப்போது மூன்றாவது.

"இத்தெல்லாம் இன்னா பண்ணுவ மாமா?"

"ஐநா சபைக்கு அனுப்புறேன்டி. பதினெட்டு லாரி சொல்லியாச்சு."

நாளை சென்னை. வருடாந்திர ஆஞ்சியோ. எடுக்க: ஃபைல், மாத்திரை டப்பா, மாஸ்க், அவள் போர்வை.

ஆவணி 11, புதன்

சென்னை. தூறல். ஆஸ்பத்திரி கேன்டீன் காபி, கழுநீர்.

புது இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றனவாம். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "ஒரு எடத்துல அடைப்புன்னா ஸ்டென்ட் வெக்கலாம். இது நுனி வரைக்கும் சுவரே தடிச்சிக்கிட்டு வருது."

சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்தால் ஆசிட் விட்டுக் கழுவுவோம், அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இல்லீங்க."

ஒரு மாத்திரையை மாற்றினார், ஒன்றைக் கூட்டினார். வேகம் குறையும், பழையபடி ஆகாது. முற்றினால் இன்னொரு இதயம். அப்படியென்றால் இன்னொரு குழந்தை. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வலியே இல்லையே, பெட்டி பெட்டியாக எழுதி வாங்கியிருக்கிறேனே என்றேன்.

"மாத்தி வெக்கிறப்ப நரம்பு அறுந்துடுங்க. பல பேருக்கு வலியே தெரியாது. நடந்தா மூச்சு வாங்குதா, எத்தன தடவ உக்கார்றா, அதப் பாருங்க."

ஆயிரம் நாள். தப்பான கேள்வி.

ஆவணி 14, சனி

வெயில். ஊர் திரும்பியாச்சு. மருந்து காலை எட்டு, இரவு எட்டு.

சாயங்காலம் யாழினியோடு மோட்டார் கொட்டகை வரை நடை. போன மாதம் ஒரே ஓட்டமாக ஓடியவள். இன்று நாலு தடவை உட்கார்ந்தாள். நாலாவது தடவை, உதட்டில் வெளுப்பு.

"நாலுன்னு சொல்லாத மாமா. அம்மா அழும்."

"சேச்சே. நான்தான் முட்டி வலியில நாப்பது தபா உக்காந்தேன்னு சொல்றேன்."

சிரித்தாள். மூச்சு வாங்கியது.

அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "நாலு தடவ உக்காந்துட்டாக்கா."

"நீ அளக்குறதுல நாலுன்னா ஒண்ணுதானடா."

"நாலுக்கா."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள்.