மலைப்பக்கச் சுவர்

அன்பும் எரிச்சலும் இன்னும் தீராத என் சகலை ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. இருந்தாலும் கைப்பழக்கத்தில் அதைத்தான் எழுதப் போனேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. இங்கே நான், காந்தா, உன் மல்லிகா, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மூக்குக்கண்ணாடி கனமாகிவிட்டது. உனக்குக் கடைசி வரை கண்ணாடி போடவே நேரவில்லை. அதிலும் நீ என்னை முந்திவிட்டாய்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. 'இருந்தது' என்று எழுதப் பார்த்தேன், பேனா ஒப்பவில்லை. உன் சாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து டிராக்டர் டிராக்டராக ஆட்கள் வந்து இறங்கினார்களே, அன்றைக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் சாவுக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் நினைத்தேன்.

நாம் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். நான் மூத்த மாப்பிள்ளை. டிப்ளமோ படித்து அரசாங்க ஆபீசில் கட்டட பிளான் வரைகிறவன். நீ பம்புசெட்டும் அரிசி மில் எஞ்சினும் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு நாற்காலி போடுவார்கள். போட்டுவிட்டு மாமனார் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார். நான் அந்த நாற்காலியில் காலி டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் அந்த வீடு வந்தது. மில்லில் வேலை செய்கிற பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து, ஊருக்குக் கிழக்கே கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு வீடு கட்ட இடம் போதாது. எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கிற மாதிரி ஏதாவது யோசித்துச் சொல் என்று உன்னிடம்தான் கேட்டார்கள். பிளான் வரைகிறவன் நான் இருக்க, மெக்கானிக்கிடம் கேட்டார்கள்.

நீ காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து கொண்டுவந்தாய்.

"வீடும் மாடு மாதிரிதாண்ணா. தின்னணும், தண்ணி குடிக்கணும், மூச்சு விடணும், சாணி போடணும். நாமதான் அத செங்கல்லுல கட்டி வாயையும் மூக்கையும் அடைச்சுடுறோம்" என்றாய்.

கீழே மாட்டுத் தொழுவம். அந்தச் சாணமும் பன்னிரண்டு குடும்பத்துக் கழிவும் ஒரே குழிக்குள் போகும். குழியிலிருந்து வரும் வாயுவில் பொதுச் சமையல்கட்டின் அடுப்புகள் எரியும், எஞ்சினும் ஓடும். எஞ்சின் தண்ணீரை மேலே ஏற்றும். அந்தத் தண்ணீர் ஜன்னல்களில் தொங்குகிற வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துக்கொண்டு இறங்கி, மீன் தொட்டிக்கும் வாழைக்கும் போகும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை ஒன்று கயிற்றை இழுத்துத் தானே வால்வைத் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சுவர் முழுக்கக் கோவைக்கொடி.

"மலைப்பக்கச் சுவருதாண்ணா உசுரு. சாயங்கால வெயில கொடி வாங்கிக்கும், உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று எத்தனை தடவை சொன்னாய்!

இன்னொரு தாளும் இருந்தது. அது கட்டுவதற்கல்ல, சும்மா ஆசைக்கு என்றாய். நாற்பது குடும்பம் இருக்கிற மூன்று மாடி வீடு. தூண்களுக்குப் பதிலாக ஆலம்விழுதுகள். மூங்கில் குழாய்க்குள் விழுதை இறக்கி, தரையில் ஊன்றவிட்டு, அது பருக்கப் பருக்க அதன்மேல் மாடி ஏற்றுவது. "பேரப்பிள்ளைங்க காலத்துல தூண் இன்னும் கெட்டியாயிடும், எந்த சிமெண்டு அப்படி ஆவுது?" என்று கேட்டாய்.

அந்தத் தாளை நான் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். இது உனக்குத் தெரியாது. நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் எடுத்துப் போனேன். எங்கள் எஞ்சினியர் வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. டீ ஆறிப்போகிற வரை பார்த்தார். "யாருய்யா இந்த ஆளு?" என்று கேட்டார். பதினைந்து வருஷமாக அவர் மேஜையில் என் பிளான்களை வைத்திருக்கிறேன், ஒன்றையாவது அப்படிப் பார்த்திருப்பாரா? பக்கத்து வீட்டுக்காரர் கிறுக்கினது சார் என்று சொல்லிவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு குடும்பத்து வீட்டின் படத்தை டிரேசிங் தாளில் மையால் எடுத்துத் தரச் சொன்னாய். எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எடுத்தேன். ஆனால் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதைக் காலியாக விட்டேன். மெக்கானிக் போட்டதைப் பார்த்து எழுதினவன் என்று என் பெயர் வர வேண்டாம் என்ற ரோஷம்.

இன்னொன்றும் செய்தேன். உன் தாளில் திசையே போட்டிருக்கவில்லை. ஆபீஸ் பழக்கத்தில் தாளின் மேல்பக்கம் வடக்கு என்று அம்புக்குறி போட்டேன். இது சத்தியமாகத் தெரியாமல் நடந்தது. நம் ஊரில் வடக்கு, கிழக்கு என்று யார் பேசுகிறார்கள்? மலைப்பக்கம், கோயில் பக்கம், ரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். நீயும் எல்லோரையும் போல மலையைத் தலைமாட்டில் வைத்து வரைந்திருந்தாய். அந்த மனையிலிருந்து பார்த்தால் மலை மேற்கே. நான் மேற்கை வடக்காக்கி, உன் வீட்டையே கால் சுற்று திருப்பிவிட்டேன்.

எஞ்சினை வாயுவில் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொண்டு வர நீ கோயம்புத்தூர் போயிருந்தாய். அந்தச் சமயத்தில்தான் மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நான் பிளானோடு நின்றேன். மேஸ்திரி முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"என்னா சார், வாசலு தெக்கால வருது? தெக்கு வாசல் யாரு வெப்பாங்க?"

நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கொடிச் சுவருக்கான கோடு மலைக்கு நேராக இல்லை, வடக்கே கிடந்தது. சமையல்கட்டு மேற்கே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. கொடிக்கான மண்தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் இனி வடக்கேதான் போகும். கயிற்றை அவிழ்த்துக் கட்டினால் அரை நாள் வேலை.

அதற்குள் பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "ஏழுமலை போட்ட பிளான் மேஸ்திரி. அவுரு எதத்தான் ஊரு மாதிரி செஞ்சாரு?"

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "பிளான்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

மூன்று சொல். பொய்யும் இல்லை. ஆனால் அந்த மூன்று சொல்லைச் சொல்லும்போது வயிற்றில் ஒரு குளிர்ச்சி இருந்தது ஏழுமலை. உன் வீடு ஒரு தடவையாவது கோணலாகப் போகட்டும், மாமனார் ஒரு நாளாவது நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று இருந்தது.

நீ திரும்பி வந்தபோது சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தாய். நான் பிளானைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். "தெச போடாம வுட்டது என் தப்புங்க" என்று பன்னிரண்டு குடும்பத்துக்கும் முன்னால் சொல்லிவிட்டு, எஞ்சினை இறக்கப் போய்விட்டாய். என் தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை நீ.

அந்த முதல் கத்திரி வெயில் நினைவிருக்கிறதா? சாயங்காலம் சமையல்கட்டுச் சுவரைத் தொட முடியாது. பெண்கள் முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றார்கள். என் காந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாவங்க, வெந்து போறாங்க" என்றாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன். மேற்கே ரோட்டோரம் முழுக்கப் பாறை. நீ இரண்டு தடவை தொட்டி வைத்துக் கொடி நட்டாய். இரண்டு தடவையும் ரோட்டில் போன ஆடுகள் மொட்டையடித்துவிட்டுப் போயின. அடுத்த வருஷம் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இனி வருவது நீ பார்க்காத கதை.

வடக்குச் சுவரில் வெயில் போதாமல் சோகையாக நின்றதே உன் கோவைக்கொடி, அது நீ போன மறுவருஷம் மேலே ஏறி, மூலையில் திரும்பி, மேற்கே போய்விட்டது. யாரும் இழுத்துக் கட்டவில்லை. வெயிலைத் தேடி அதுவாகவே போனது. ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் மேற்குச் சுவர் முழுக்கப் படர்ந்தது. மல்லிகா அதற்குக் கம்பி இழுத்துக் கொடுத்தாள். இப்போது சமையல்கட்டில் சாயங்காலம் காற்று வருகிறது, பழம் தின்னக் கிளிகள் வருகின்றன. உன் எஞ்சினும் ஓடுகிறது, சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

போன மாதம் மெட்ராசிலிருந்து கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா மூலையில் நின்று சொன்னார்: "இதப் பாருங்க. வேணும்னே வடக்கே நட்டு, ஆடு எட்டாத உயரத்துல தானா மேற்கே திரும்ப விட்டிருக்காரு. செடியோட மனசு தெரிஞ்ச மனுஷன்." பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். மல்லிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் சொல் பார்ப்போம். அந்த வடக்கு என்னுடையது, நான் போட்டது என்று கத்தத் தோன்றியது! என் பாவத்துக்கும் உனக்கா மாலை? நான் ஊரறிய ஒத்துக்கொள்ளத் துடித்தது நியாயத்துக்காக இல்லை, அந்தப் பாராட்டுக்காக. இதைவிடக் கேவலமாக ஒருவன் ஆக முடியுமா?

அவர்கள் போன பிறகு மல்லிகா காபி கொண்டுவந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்த அம்புக்குறி நீங்க போட்டதுன்னு அவருக்குத் தெரியும். அண்ணன் ஆபீசு பழக்கத்துல போட்டுட்டாரு, யார்கிட்டயும் சொல்லிடாத, அவுரு மனசு கஷ்டப்படும்னாரு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அம்புக்குறி உனக்குத் தெரியும். மேஸ்திரி கேட்டது தெரியுமா? நான் மலையைப் பார்த்தது தெரியுமா? தெரிந்தும் அப்படிச் சொன்னாயா, தெரியாமலா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வாயைத் திறக்காமல் இப்படியே இருந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வேங்கிக்கால் பக்கம் புதிதாக மனைகள் போடுகிறார்கள். அதில் நாற்பது குடும்பம் சேர்ந்து உன் வீட்டைப் போலவே ஒன்று கட்டப் போகிறது. மல்லிகா எடுத்துக் கொடுத்த உன் ஆசைத் தாளில் இருந்ததே, அதேதான். ஆலங்கன்றுகூட வந்து இறங்கிவிட்டது. கொடிச் சுவரை மட்டும் இந்த வீட்டில் இருப்பது போலவே வடக்கே வைக்கப் போகிறார்களாம். ஏனென்றால் அது உன் சூட்சுமமாம். அங்கே பக்கத்தில் வேறு கட்டடம் வருகிறது, மூலையில் கொடி திரும்ப இடமே இல்லை. நாற்பது குடும்பத்துப் பெண்கள் வெயிலில் வேகப் போகிறார்கள். நாளைக் காலை சுண்ணாம்புக் கோடு.

இன்று மத்தியானம் பழைய டிரேசிங் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். பிளேடால் அம்புக்குறியைச் சுரண்டி எடுத்தேன். மை போய்விட்டது, ஆனால் சுரண்டின இடம் வெள்ளையாகத் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். மேல்பக்கம் மலையை வரைந்தேன். வலது பக்கம், சரியான இடத்தில் வடக்கைப் போட்டேன். வேங்கிக்காலுக்குத் தனியாக ஒரு தாள் வரைந்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை நேர் மேற்கே இல்லை, தெற்கே சாய்ந்து நிற்கிறது. நீ வரைந்திருந்தால் அங்கேயும் மலையை நம்பி ஏமாந்திருப்பாய். இதில் மட்டும் நான்தான் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்.

நாளைக்கு அவர்கள் கயிறு கட்டுமுன் போய் நிற்பேன். அந்த நாற்பது குடும்பத்துக்கும், மல்லிகாவுக்கும், காந்தாவுக்கும் முன்னால், மேஸ்திரி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன் என்று மூன்றையும் சொல்வேன். வார்த்தை தடுமாறினாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதற்கப்புறம் என் சாவுக்கு யாரும் வராமல் போனாலும் போகட்டும்.

மூலையில் அந்தக் கட்டம் இத்தனை வருஷம் காலியாகவே கிடந்தது. இன்று நிரப்பிவிட்டேன். யோசித்தவர்: ஏழுமலை. பார்த்து வரைந்தவர்:

உன் மூத்த சகலை,
சம்பந்தம்