மாடிச் செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மருமகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள், இருங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்பீக்கரில் பேசிய பேச்சு இன்னும் என் காதிலேயே நிற்கிறது. மழையே பெய்யாத நாளிலும் மாடியில் நீ வைத்த செடித் தட்டுகளிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டாய். அப்பாவும் எதையும் ஒளிக்காமல், நான்தாம்ப்பா காலையில தண்ணி ஊத்துறேன், பாவம் வாடிக் கிடக்குது என்றார். அவ்வளவுதான், எரிந்து விழுந்தாய். உங்களால இந்த சீசன் டேட்டா முழுக்கக் குப்பைக்குப் போச்சு, கம்ப்யூட்டர் மாடல்ல நான் காஞ்ச மண்ணுன்னு போட்டு வச்சிருக்கேன், மழை வந்த உடனேயே கொழாயில தண்ணி கொட்டுது, ஏன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன், இனிமே மாடிப் பக்கமே போகாதீங்க என்றாய். வேலைக்கு வைத்த ஆளிடம்கூட யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். அவர் சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

உனக்கு எல்லாம் மறந்துவிட்டது, நான் ஞாபகப்படுத்துகிறேன். லீவில் வந்து மொட்டைமாடியில் பாதிக்குத் தட்டுத் தட்டாக மண்ணும் செடியும் பரப்பினாய், மீதியை வெறுமனே விட்டாய், இரண்டு பக்கமும் குழாய் வாயில் தண்ணீரை அளந்து உனக்கு அனுப்புகிற மெஷினை மாட்டினாய். பெய்கிற மழையில் மண் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எப்போது கீழே வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிட்டால் தெருவில் வெள்ளம் நிற்காமல் தடுக்கலாம் என்று எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாய். துணி காயப்போட இடம் போனாலும் பிள்ளை நல்ல காரியம் செய்கிறான் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ போன பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண் தினமும் படி ஏறச் சொல்லித் தொண்டை வறண்டு போனாள். மேல எனக்கு என்ன வேலை என்று இவர் அசையவே இல்லை. அப்புறம் நீயே ஒருநாள் போன் பண்ணி, மெஷின்ல இலை அடைச்சிருக்கு, யாராவது பாருங்க என்றாய். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே ஏறிப் போயிருக்கிறார். அன்றைக்குத்தான் செடிகளைப் பார்த்தார். மறுநாளிலிருந்து குழாயடிக்கும் தட்டுக்குமாகத் தண்ணீர் மக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அதுதான் அவருக்கு வைத்தியம்.

இந்த வாரம் முழுக்க ஒரு படி ஏறவில்லை. கால் மறுபடியும் இழுக்கிறது, ஏன் விட்டுட்டீங்க என்று அந்தப் பெண் கேட்டாள். பையன் வேலை கெடுதும்மா, போகக்கூடாது என்கிறார். நான் உன்னைத் திட்டினால் என் மேல் பாய்கிறார், அவன் சொன்னது நியாயம்தானாம். இந்த மனிதரையா நீ அப்படிப் பேசினாய்?

நேற்றுக் காலையில் மாடிக்குப் போய் உன் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் உன் போன் வந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாரம் முழுக்க நேரம் கிடைக்காதவனுக்கு இதற்கு மட்டும் உடனே நேரம் கிடைத்திருக்கிறது. வேண்டுமென்றேதான் நான் எடுக்கவில்லை.

இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே, அவருக்குப் பண்ணு. மன்னிப்பெல்லாம் கேட்டால் அவர் கூச்சப்பட்டுப் போய்விடுவார். செடி வாடுது, ஊத்துங்கப்பா, எவ்வளவு ஊத்துனீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க என்று சொல். அது உன் கணக்குக்கு ஒத்துவராது என்றால் கணக்கைத் திருத்து. மழையைச் சேர்த்தாய், வெயிலைச் சேர்த்தாய், காற்றைக்கூடச் சேர்த்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டாய். காலையில் கஷ்டப்பட்டுப் படியேறி வருகிற ஒரு மனிதரைச் சேர்க்க அதில் இடமில்லாமலா போய்விடும்.

மருமகளைக் கேட்டதாகச் சொல், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வயர் என் பீரோவில் இருக்கிறது, அவர் மேலே ஏறுகிற அன்றைக்கு மாட்டுகிறேன். செடிகள் தலை தொங்கிப் போயிருக்கின்றன. நான் ஊற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா