கார்டு நுழையாத இடைவெளி

அண்ணா,

ஜாமெட்ரி பாக்ஸின் அடியிலிருந்து என் பழைய பள்ளி அடையாள அட்டையை எடுத்தேன். டயர் வாசனை இன்னும் போகவில்லை. ஓரமெல்லாம் கறுப்பு. படத்தில் என் கன்னத்தின் மேலேயும் ரப்பர் தேய்ந்த ஒரு கோடு. அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன். போர்வைக்குள்தான் எழுதுகிறேன்.

விடிந்தால் உனக்கு முதல் தெவசம். சாயங்காலம் அம்மாவிடம், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தனியாக வைத்துப் படைக்கலாமா என்று கேட்டேன். “அவனுக்குப் புடிச்சதுன்னு நான் எதையும் செய்யமாட்டேன். சக்கரத்த வெளிய இழுத்து வெச்சி, தானே சாவத் தேடிக்கிட்டான்” என்றாள். உன் படத்துக்குப் பொட்டு வைக்கும்போதுகூட உன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்கு உண்மை தெரியாது. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

செங்கம் ரோட்டு டயர் கடையில் வேலை செய்து நீ வாங்கிய பழைய கார் அது. ஸ்பிரிங்கை மாற்றி அதைத் தாழ்த்தினாய். அகலமான வீல்களைப் போட்டாய். வீலின் முகமும் மட்கார்டின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் உனக்கு. கொஞ்சம் உள்ளே போனாலும் முகம் சுளிப்பாய், வெளியே துருத்தினாலும் சுளிப்பாய். மட்கார்டின் உள்மடிப்பைச் சூடாக்கி, பெயிண்ட் வெடிக்காமல் மெல்ல மெல்ல மடக்குவாய். பிறகு என்னைக் கூப்பிடுவாய்.

“ஏய் பாப்பா, பின்னாடி ஏறிக் குந்து. நல்லா குதி.”

“நான் இன்னா மூட்டையா?”

“மூட்ட மூட்டயாத்தான துன்ற. குதி.”

நான் குதிப்பேன். நீ தரையில் படுத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இந்த அட்டையை நுழைத்துப் பார்ப்பாய். அது தடையில்லாமல் போய்வந்தால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். “கார்டு போச்சின்னா வண்டி போவும். கார்டு நின்னுச்சின்னா நாமளும் நின்னுடணும், பாப்பா.”

அடி அண்ணாமலை வேகத்தடையில் நீ வண்டியைச் சாய்த்துத் திருப்பி ஊர்ந்து ஏறும்போது ஆட்டோக்காரர்கள் கத்துவார்கள். “இன்னா தம்பி, தேரே உன்ன முந்திக்கினு போயிடும் போலக்குது!” நீ ராஜா மாதிரி கையை ஆட்டுவாய். புது வீல் போட்ட அன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது அம்மாதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்த வீலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதே அம்மாதான் இன்றைக்கு இப்படிப் பேசுகிறாள்.

அந்தப் பௌர்ணமி அன்று அவள் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போயிருந்தாள். கிரிவலப் பாதையை அடைப்பதற்குள் கடலை மூட்டைகள் கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்லுக்குப் போயாக வேண்டும் என்று அப்பா பறந்தார். டெம்போ வரவில்லை. மூட்டைகளை உன் டிக்கியிலும் பின்சீட்டிலும் அடைத்தார். நீ குனிந்து அட்டையை வைத்துப் பார்த்தாய். அது நுழையவில்லை.

“அப்பா, கார்டு போவல. மட்கார்டு டயர அறுத்துடும். நாளைக்கு டெம்போ சொல்லிக்கலாம்ப்பா.”

“கடல மூட்டைக்கே குந்திக்குது, இதுக்குப் பேரு வண்டியா? இத்தன நாளு பொம்ம மாதிரி நின்னுச்சில்ல, ஒரு நாளு வூட்டுக்கு ஒழைக்கட்டும். ஆம்பளயா இருந்தா எடுறா.”

நீ என் பக்கம் திரும்பி அட்டையைக் கையில் கொடுத்தாய். “வெச்சிரு பாப்பா. வந்து வாங்கிக்கிறேன்.”

எதிரே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது பின்டயர் வெடித்ததாம். வண்டி புளியமரத்தில் மோதியதாம். பின்னாலேயே பைக்கில் வந்த அப்பா உன்னோடு ஆம்புலன்சில் ஏறவில்லை. போலீஸ் வருவதற்குள் மூட்டைகளை ஒரு டிராக்டருக்கு மாற்றினார். மறுநாள் காலை, அம்மா ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து கிடந்த நேரத்தில், அவை வீட்டுக்கு வந்து இறங்கின. கடலைக்கு நடுவே கண்ணாடித் துண்டுகள் மின்னின. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அப்பா கதவைச் சாத்தினார்.

“வண்டியில மூட்ட இல்ல. யாரு கேட்டாலும் இல்ல. உங்கம்மாகிட்ட வாயத் தொறந்த, பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புரியுதா?”

நான் தலையாட்டினேன். அவர் என் கையிலிருந்த கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது யார் கேட்டாலும் “ஸ்டைலுக்குச் செத்தான்” என்கிறார். சொல்லிவிட்டு அழுகிறார். வந்தவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். நான் அவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன்மேலும் கோபம்தான் அண்ணா. கார்டு நின்றால் நாமும் நிற்க வேண்டும் என்றவன் நீதானே? ஆம்பளயா என்று ஒரு வார்த்தை கேட்டதும் எப்படி உனக்கு எல்லாம் மறந்துபோனது? எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ ஏன் செய்யவில்லை?

நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். பள்ளி வேனில் பிள்ளைகள் எல்லாரும் ஏறும்வரை கீழே நின்று பின்டயரைப் பார்க்கிறேன். ஆள் ஏற ஏற இடைவெளி சுருங்குகிறது. “இன்னாம்மா, தினம் காத்து புடிச்சி வுடப்போறியா?” என்று டிரைவர் கேட்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நாளைக்குப் படையல் போட்டதும் இந்த அட்டையை உன் இலையில் வைக்கப்போகிறேன். அப்பாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாது. “இது இன்னாடி, இத எதுக்கு இங்க வெக்கிற?” என்று கேட்பாள். அவள் கேட்க வேண்டும். கேட்டால், எல்லார் முன்னாலும் மூட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிவிடுவேன். அதன்பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாய். ஒரு வருஷமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு இலையில் இருக்கும்.