கிணற்று மேடையில் மஞ்சள் குறி

பிப். 3, செவ்வாய்

பனி. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டே கண்ணுக்குத் தெரியவில்லை. வெண்ணந்தூர் வரை நின்றுகொண்டே பயணம்.

ஆராய்ச்சித் தலைப்பை இன்றும் இரண்டு பேரிடம் விளக்கினேன்: ஊர் ஓரத்து விளைநிலம் எப்படி வீட்டுமனை ஆகிறது. ஒருவர், "ரியல் எஸ்டேட்டுங்களா?" இன்னொருவர் கதவையே சாத்தினார். கையில் டேப்பும் வரைபடமும் இருந்தால் இங்கே ரோட்டுக்காரி. நிலம் எடுக்க வந்தவள்.

கைடுக்கு அனுப்பிய அத்தியாயத்துக்குப் பதில் இல்லை. வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்.

பேச்சுத் துணை சரசக்கா ஒருவர்தான். அவர் தோட்டத்து வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறப்பேன். "தனியா உக்காந்து மென்னுக்கிட்டு இருக்காத சாமி, ஊட்டுக்குள்ள வா."

பிப். 4, புதன்

வெயில் சுள்ளென்று. சனிக்கிழமை ட்ரோன்காரர் வருகிறார். மேலிருந்து எடுக்கும் படத்தை வரைபடத்தோடு பொருத்த, தரையில் அடையாளம் வேண்டும். சரசக்கா கிணற்று மேடையில் மஞ்சள் பெயிண்டால் பெரிய கூட்டல் குறி. கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "போட்டுக்க சாமி, கெணறு என்ன தேஞ்சா போயிரும்?"

வாங்க: சோப்பு, தின்னர், வாழைப்பழம்.

அம்மா போன். எப்போது முடியும் என்ற அதே கேள்வி. சீக்கிரம் என்ற அதே பொய்.

சரசக்கா மகள் கவிதாவுக்கு வரன். திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள். ஞாயிறன்று கை நனைக்க வருகிறார்கள். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. "நீயும் வந்துரோணும்." என்னை ஒரு விசேஷத்துக்கு யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலம்! இரண்டு தடவை சரி சொன்னேன்.

பிப். 7, சனி

ட்ரோன் வரவில்லை. காற்றாம்.

புடவைக்கு இஸ்திரி. கம்மலைத் தேடி அறையையே கவிழ்த்தேன். கல்யாணம் என்னமோ எனக்கு மாதிரி.

பிப். 8, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகவில்லை. நேராக சரசக்கா வீட்டுக்கு.

வந்தவர்கள் காரைக் கிணற்றோரம் நிறுத்தினார்கள். அங்கேதான் வினை. மாப்பிள்ளையின் பெரியப்பா குறியைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, இது என்ன மார்க்குங்க? ரோட்டுக்கு எடுக்கறாங்களா?"

சேலத்துக்காரிதானே நான்? கல்லில் பெயிண்ட் என்றால் இந்தப் பக்கத்தில் ரோட்டுக்கு நிலம் போகிறது என்றுதான் அர்த்தம், தெரியாதா? தெரியும். படம் சரியாகப் பொருந்தினால் போதும் என்று இருந்துவிட்டேன். மடச்சி.

சரசக்கா என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "இந்தப் புள்ளதானுங்க போட்டுச்சு, படிப்புக்கு. நீயே சொல்லு சாமி."

சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். "செரிங்க. நீங்க இதையே படிக்கறவங்க. இந்தப் பக்கம் ரோடு வராதுதானுங்களே?"

வராது. ஒரே சொல். வாய் வரை வந்தது. ஆனால் போன மாதம் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் பார்த்த புறவழிச்சாலை வரைவுகளில், ஒன்றின் புள்ளிக்கோடு இந்த ஊர் வழியாகப் போகிறது. எது என்று இன்னும் முடிவாகவில்லை.

"தெரியாதுங்க" என்றேன்.

சரசக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி உடறமுங்க." தண்ணீர் மட்டும் குடித்தார்கள். கார் போய்விட்டது. கவிதா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் இலைகள் போட்டது போட்டபடி. என்னவோ உளறினேன், மன்னித்துவிடுங்கள் அக்கா என்று. அழுகை வேறு. செருப்பைத் தேடினேன்.

"எங்க போற? உக்காரு."

உட்கார்ந்தேன். அத்தனை இலைக்கும் நான் ஒருத்தி. சோறு போட்டார், பருப்பு ஊற்றினார், நெய் விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயாச்சும் கை நனை."