பூஜை அறை சிவப்பு பல்பும் பதினான்கு படங்களும்

மதினி,

சென்னையிலிருந்து கூரியர் வந்துவிட்டது. பழுப்பு அட்டை உறை, ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. உள்ளே, கழுவிப் பிரதி போட்ட நம் பிலிம் ரோல். பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அண்ணன் பிரஸ்ஸிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். "பாப்பா, பிரிச்சிராத. லேபிள் லோடு ஏறிக்கிட்டிருக்கு, அனுப்பிட்டு வந்திர்றேன்." அவன் வரும்வரை என் கை சும்மா இருக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கேமரா வீட்டுக்கு வந்த அன்று அதைச் சோப்புப் பெட்டி என்றீர்கள். மதுரையில் யாரோ விற்ற பழைய பிலிம் கேமரா. குறி பார்க்க ஒரு துளை, அமுக்க ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

"போனுதான் கையில இருக்கே, பெறகு எதுக்குப் பிள்ள இது?"

"போன்ல எடுத்தா சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள குடும்ப குரூப்புக்குப் போயிருது மதினி. இதுல எடுத்தா யாருக்கும் தெரியாது."

"நமக்கு?"

"கழுவி வார வரைக்கும் நமக்கும் தெரியாது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தீர்கள். "அப்பம் நானும் சேந்துக்கிடுதேன்."

பிலிமின் நுனியைச் சிவப்புக் கோடு வரை இழுத்து வைத்து மூடியை அழுத்தினோம். உள்ளே விர்ரென்று ஒரு ஓட்டம். நிற்கவே இல்லை. ஏதோ உடைத்துவிட்டோம் என்று நான் பயந்தேன். நீங்கள் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓடுது, அச்சு மிசினு மாதிரி" என்றீர்கள். ஓட்டம் நின்றபோது சின்னக் கண்ணாடிக்குள் 36 என்று இருந்தது. முதல் படத்துக்கு மாடிக் கொடியில் காய்ந்த அண்ணனின் லுங்கிகளை எடுத்தீர்கள். எடுத்த கையோடு கேமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தீர்கள். வெறும் கறுப்பு பிளாஸ்டிக். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டாள். மறுபடி எடுத்தீர்கள், மறுபடியும் முதுகைப் பார்த்தீர்கள்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பட்டாசு கட்டப் போக வேனுக்கு நின்ற வெடி ஆபீஸ் அக்காமாரை எடுக்கப் போனோம். தூக்குச்சட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். ஒரு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "எங்கள உங்க பிரஸ்ஸுல எந்த வருசக் காலண்டர்ல போடுவீக?"

"அடுத்த வருசம். டிசம்பர் மாசத்துல" என்றீர்கள் நீங்கள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

"கடைசித் தாளா? அதக் கிழிக்க ஆள் இருக்காதே!"

வேன் கிளம்பும்வரை கூத்துதான். ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், விரல் லென்ஸை மறைக்கக் கூடாது என்று நான் படித்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் மறந்துபோனது.

எட்டாவது படம்தான் எனக்கு வேண்டியது மதினி. அண்ணனுக்கும். கூடத்தில் மாலை போட்டிருப்பது உங்கள் கல்யாண ஆல்பத்துப் படம். முகத்தை வெளுப்பாக்கி, உதட்டைச் சிவப்பாக்கி வைத்திருப்பார்களே, "அது நானில்ல, என் ஒன்னுவிட்ட அக்கா" என்று நீங்களே கேலி செய்த படம். போனில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் தெத்துப்பல் தெரியாமல் வாயை மூடி, தலையைச் சாய்த்து, தயாராக நிற்கிறீர்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் அந்த மாலைப் படத்தைப் பார்த்தபடியே சொன்னான், "இவ இப்படியா சிரிப்பா? எனக்கு மறந்துருமோன்னு இருக்கு பாப்பா."

அந்த எட்டாவதை எடுத்த அன்று அடுப்படியில் இருட்டாக இருந்ததால் பிளாஷ் தானாக வேலை செய்தது. அது முதலில் ஒரு தரம் சிமிட்டும், பிறகுதான் அடித்துப் படம் எடுக்கும். அது உங்களுக்குத் தெரியாது. சிமிட்டிய உடனே கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டீர்கள். படம் விழுந்தது அப்போதுதான்.

"கண்ணத்தான மூடுவாக, நீங்க ஏன் மதினி காதப் பொத்துறீக?"

"வெடி போடுற ஊரு, நாரணாபுரத்துல பொறந்து பாரு பிள்ள. வெளிச்சம் அடிச்சா அடுத்தது சத்தம்தான்."

பிறகு எண்தான் நம்மைக் குழப்பியது. 36, 35, 34 என்று கீழே இறங்கிக்கொண்டே வந்தது. நான் படித்த இடத்திலெல்லாம் ஒன்றிலிருந்து ஏறும் என்று போட்டிருந்தது. பிலிம் மாட்டவே இல்லையோ? பதினான்கு எடுத்து, எண் 22-க்கு வந்தபோது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "தொறந்து பாத்துருவோம்."

"வெளிச்சம் பட்டா போயிரும் மதினி."

"செவப்பு லைட்டுல ஒண்ணும் ஆவாது. எங்கப்பா பிரஸ்ஸுல நாள் பூரா செவப்பு லைட்டுலதான் பிலிமக் கழுவினாக. சோறு கொண்டுபோய்க் கொடுத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

பூஜை அறையின் சிவப்பு பல்பைக் கழற்றி, ஜன்னலில்லாத சாமான் அறையில் மாட்டினோம். அந்த வெளிச்சத்தில் மூடியைத் திறந்தால், பிலிம் பளபளவென்று குறுக்கே கிடந்தது. "மாட்டியிருக்கு!" என்று என் தோளில் அடித்தீர்கள். மூடியதும் அது மறுபடி விர்ரென்று ஓடி, பிலிம் மொத்தத்தையும் உருளைக்குள் இழுத்துக்கொண்டது. 22 இருந்த இடத்தில் 0.

"கோவிச்சுக்கிருச்சு" என்றீர்கள். அடுத்த ரோலையும் எடுத்து இரண்டையும் ஒன்றாக அனுப்பலாம் என்றீர்கள். இரண்டாவது ரோலை வாங்கி, தோசை மாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்தது நீங்கள்தான். அதைப் பிரிப்பதற்குள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள்.

காரியம் முடிந்த பிறகு உங்கள் அப்பாவிடம் சிவப்பு பல்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "அய்யய்யோ, எங்க பிரஸ் பிலிமு கறுப்பு வெள்ளைம்மா. அதுக்குச் செவப்பு கண்ணுல படாது. நீங்க போட்ட கலர் பிலிமுக்கு எல்லாமே தெரியுமே" என்றவர், பிறகு, "அவளுக்கு நான் அதச் சொல்லிக்கொடுக்கல" என்றார்.

அதனால்தான் இத்தனை மாதம் அனுப்பவில்லை. கழுவாமல் இருக்கும்வரை எட்டாவது படம் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போன வாரம் அண்ணன்தான் சொன்னான், "போயிருந்தா போகட்டும். தெரிஞ்சுக்கிடுவோம்."

அவன் வண்டிச் சத்தம் கேட்கிறது. வந்து எழுதுகிறேன்.

மதினி, இருக்கிறது! இருக்கிறது!

உறையில் முதலில் வந்தது, பிலிமைக் கழுவிய சென்னைக் கடைக்காரர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு. அண்ணன்தான் அதை வாசித்தான். இந்த மாதிரிக் கேமரா, ரோலைப் போட்டதுமே பிலிம் முழுவதையும் வெளியே இழுத்து வைத்துவிடுமாம். ஒவ்வொரு படம் எடுத்ததும் அந்தத் துண்டை மட்டும் உருளைக்குள் திருப்பி அனுப்பிவிடும். மூடியைத் திறந்தபோது வெளிச்சம் பட்டது எடுக்காத இருபத்திரண்டின் மேல்தான். எடுத்த பதினான்கும் உள்ளே பத்திரம்.

லுங்கிகள் கொஞ்சம் சாய்ந்து நிற்கின்றன. வேன் அக்காமார் பாதிப் பேருக்குத் தலை இல்லை, அவர்களுக்கு நடுவே என் விரல் ஒரு மலை மாதிரி. எட்டாவதில் நீங்கள். காதில் இரண்டு விரல், தோளைக் குறுக்கி, வராத சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு, தெத்துப்பல் முழுதும் தெரியச் சிரிக்கிறீர்கள். கரண்டி கீழே விழுவதுகூட மங்கலாகப் பதிந்திருக்கிறது.

அண்ணன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். "இவதான்" என்றான். பிறகு, "இவதான் பாப்பா" என்று இன்னொரு தரம்.

நான் பிரிட்ஜைத் திறந்து உங்கள் ரோலை எடுத்தேன். குளிர் போகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு மாட்டினேன். விர்ரென்று அதே நீண்ட ஓட்டம். இந்தத் தடவை பயப்படவில்லை. 36. படத்தோடு நிற்கிற அண்ணனைக் குறி பார்த்தேன். அந்தி வெளிச்சம் குறைவாக இருந்தது. பிளாஷ் சிமிட்டியது, அடித்தது.

எண் 35-க்கு இறங்கிவிட்டது மதினி. நான் மட்டும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், வெளிச்சத்துக்கு அடுத்து வரும் என்று நீங்கள் சொன்ன சத்தத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.